தோட்டத்து உரக் கணக்கு தொட்டிக்கு ஆகாதுங்க

கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடுன்னு டவுனுக்குள்ள குடியிருக்கற நம்ம சனங்கள்ல பாதிப் பேருக்கு ஊர்ப்பக்கம் யாருக்காச்சும் ஒரு தோட்டம் இருக்கும், போயிட்டு வாரப்ப தேங்கா, வாழைத்தாரோட சேத்து கார் டிக்கில ஒரு சாக்கு ஆட்டுப் புழுக்கையோ கட்டுத்தாரைக் குப்பையோ ஏறிரும், அது நேரா மொட்டை மாடிக்குப் போயி செடிப் பைக்கு ரெண்டு கை மூணு கைன்னு விழுகும். ஒரு மாசத்துல கத்திரி இலை ஓரமெல்லாம் கருகி நிக்கும், இல்லீன்னா வெச்ச நாளையில இருந்த மாதிரியே ஒரு இஞ்சு கூட வளராம நிக்கும். போன் பண்ணிக் கேட்டா அப்புச்சி "ஏங் கண்ணு, நாங்க இங்க இதையேதான கொட்டறோம், கருகருன்னு நிக்குதே"ம்பாரு. அவரு சொல்றதும் நெசம், மாடியில நடக்கறதும் நெசம். குப்பை மேல குத்தமில்லீங்க, எடம் வேற, அதனால அளவும் வேற, போடற விதமும் வேற.

மொதல்ல எடத்தைக் கணக்குப் பாத்துருவோம். 12க்கு 12 இஞ்சு க்ரோ பேக்கை, அதாங்க செடி வெக்கற பையை, விளிம்பு வரைக்கும் நெரப்புனா 22 லிட்டர் சொச்சம், தண்ணி நிக்க மேல ரெண்டு இஞ்சு விட்டா 18 லிட்டர்தான். அதே செடி தரையில ஒரு மீட்டர் அகலத்துக்கு ஒரு அடி ஆழத்துக்கு வேர் ஓட்டுதுன்னு வெச்சாலே 240 லிட்டர் கிட்ட மண்ணு அது கையில இருக்குது. பத்து மடங்குக்கு மேல. இங்க சத்து இல்லீன்னா அந்தப் பக்கம் வேரை நீட்டித் தேடிக்கும், இங்க உப்பு எச்சா இருந்தா அந்தப் பக்கம் ஒதுங்கிக்கும். கொரங்காட்டுல மேயற மாட்டுக்கும் கட்டுத்தாரையில கட்டிப்போட்ட மாட்டுக்கும் உள்ள வித்தியாசந்தானுங்க இது, கட்டுன மாடு நீங்க கொண்டாந்து போட்டாத்தான் திங்கும், நீங்க கெட்டதைப் போட்டாலும் அதையேதான் திங்கோணும்.

ரெண்டாவது தண்ணி. தொட்டிக்கு தினமும் ஊத்தறோம், ஆடிக் காத்து பாலக்காட்டுக் கணவாய் வழியா வந்து அடிக்கறப்ப வெடியால ஒருக்கா பொழுதோட ஒருக்கான்னு ரெண்டு தடவை கூட ஊத்தறோம், ஒவ்வொரு தடவையும் அடியில இருக்கற ஓட்டை வழியா வடியற தண்ணியில தழைச்சத்து (நைட்ரஜன்) நைட்ரேட்டா கரைஞ்சு போயிட்டே இருக்கும், சாம்பல் சத்தும் (பொட்டாசியம்) கொஞ்சம் போகும். தரையில, அதும் நம்ம பக்கத்துக் கரிசல்ல, களித்துகள் சத்தைப் புடிச்சு வெச்சுக்கும், கீழ எறங்குனாலும் வேரும் பின்னாலயே எறங்கும். அதனால ஒரே செடிக்கு தரையில வருசத்துக்கு ரெண்டு தடவை போதுங்கறது தொட்டியில வாரா வாரம் ஆயிருது. கொஞ்சமா, அடிக்கடி, தண்ணியில கரைச்சு. தொட்டிக்கு இந்த மூணுதான் அடிப்படை.

தரையை மொதல்ல முடிச்சர்றேன், அதுல வேலை கம்மி.

வீட்டைச் சுத்தி நாலடி மண்ணு இருந்தாலும் சரி, ஊர்ல ரெண்டு ஏக்கரா இருந்தாலும் சரி, மண்ணு என்னன்னு தெரியாம உரக்கடைக்குப் போறது வெட்டிச் செலவு. நம்ம பக்கம் செம்மண்ணும் இருக்குது, கரிசலும் இருக்குது, ரெண்டுலயும் பல எடத்துல தோண்டுனா வெள்ளை வெள்ளையா சுண்ணாம்புக் கல்லு வரும். சந்தேகமா இருந்தா ஒரு கைப்பிடி காஞ்ச மண்ணு மேல கொஞ்சம் வினிகர் ஊத்திப் பாருங்க, நுரை கட்டிப் பொங்குனா சுண்ணாம்பு மண்ணுதான், மண்ணோட புளிப்பு-காரத்தைக் காட்டற பிஎச் அளவு எட்டு கிட்ட இல்ல அதுக்கு மேலன்னு வெச்சுக்கலாம். இந்த மண்ணுல ரெண்டு காரியம் நடக்கும். நீங்க போடற மணிச்சத்தை (பாஸ்பரஸ்) சுண்ணாம்பு புடிச்சுக் கெட்டியாக்கிரும், இரும்புச் சத்து மண்ணுல இருந்தாலும் செடிக்குக் கெடைக்காது. எலுமிச்சை, மல்லி, கருவேப்பலையில கொழுந்து மஞ்சளா வந்து நரம்பு மட்டும் பச்சையா இருக்கறதைப் பாத்திருப்பீங்க, அது இதுதான். அதைப் பாத்துட்டு யூரியா போட்டா மஞ்சள் போகாது. அன்னபேதி உப்பு, அதாங்க பெர்ரஸ் சல்பேட், லிட்டருக்கு 5 கிராம், கூட சிட்ரிக் அமிலம் 1 கிராம் சேத்து பொழுதோட இலை மேல அடிக்கோணும், பத்து நாள் விட்டு இன்னொருக்கா. மண்ணுல போட்டா அதையும் சுண்ணாம்பு முழுங்கிரும்.

இந்த முட்டை ஓடு விசயத்தையும் இங்கயே சொல்லிர்றேன். வீடியோவுல பாத்துட்டு முட்டை ஓட்டைப் பொடி பண்ணிச் செடிக்கடியில போடறாங்க. முட்டை ஓடுங்கறது சுண்ணாம்புதான். காரமான மண்ணுல அது கரையவே கரையாது, ஏற்கனவே சுண்ணாம்பு எச்சா இருக்கற எடத்துல மேல சுண்ணாம்பு போட்டு என்ன ஆகப்போகுது? மழை கொட்டற புளிச்ச மண்ணு உள்ள ஊர்க்காரன் பேச்சை மழை மறைவுல இருக்கற நாம கேக்க வேண்டியதில்லீங்க.

மண் பரிசோதனை கோயமுத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்துல பண்ணித் தருவாங்க, மாவட்டத்துக்கு மாவட்டம் வேளாண்மைத் துறை ஆய்வகமும் இருக்குது, பெரிய செலவில்ல. உரம் போட்ட கையோட மண்ணு எடுக்காதீங்க, குப்பைக்குழி பக்கத்துலயும் வரப்போரத்துலயும் எடுக்காதீங்க. அஞ்சாறு எடத்துல மேல இருக்கற சருகைத் தள்ளிட்டு ஆங்கில வி மாதிரி அரை அடிக்குக் குழி வெட்டி, அந்தச் சரிவுல மேலிருந்து கீழ வரைக்கும் ஒரே கனத்துல சீவி எடுத்து, எல்லாத்தையும் கலந்து நெழல்ல ஆறவிட்டு அரைக் கிலோ குடுத்தாப் போதும். மரத்துக்குன்னா இன்னும் ஆழத்துலயும் எடுக்கச் சொல்வாங்க.

தரைக்கு அளவு எவ்வளவு பெருசுன்னு காட்ட ரெண்டு உதாரணம். அஞ்சு வருசம் தாண்டுன தென்னைக்கு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்ற கணக்கு வருசத்துக்கு தொழு உரம் 50 கிலோ, யூரியா 1.3 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 2 கிலோ, பொட்டாஷ் 2 கிலோ, இதை ரெண்டாப் பிரிச்சு ஆனி ஆடியில பாதி, மார்கழி தையில பாதி, மரத்துலருந்து ஆறடி சுத்துக்குள்ள வட்டப்பாத்தியில. சத்தியமங்கலம் பக்கம் காடு காடா நிக்கற மல்லிக்கு செடி ஒண்ணுக்கு தொழு உரம் 10 கிலோ, தழை 60, மணி 120, சாம்பல் 120 கிராம், உரமாச் சொன்னா யூரியா 130, சூப்பர் 750, பொட்டாஷ் 200 கிராம், இதும் ரெண்டு பங்கு, கவாத்து பண்ணி ஐப்பசி கார்த்திகையில ஒண்ணு, ஆனி ஆடியில ஒண்ணு. இந்த மல்லிக் கணக்கை அப்படியே பன்னெண்டு இஞ்சு தொட்டிக்குப் போட்டீங்கன்னா அடுத்த வாரம் அங்க குச்சிதான் நிக்கும்.

போடற எடமும் முக்கியமுங்க. தூர்ல கொட்டறது நம்ம ஊர்ல ஒரு வியாதி மாதிரி பரவிக் கெடக்குது. உறிஞ்சற வேர் தூர்ல இல்ல, தென்னை தவுர மத்த மரத்துக்கு உச்சி வெயில்ல மரத்து நெழல் விழுகற விளிம்பை ஒட்டித்தான் எச்சா இருக்குது, அங்க லேசாக் கொத்திப் போட்டு மண்ணைத் தள்ளி உடனே தண்ணி கட்டிருங்க, யூரியாவை மேலாப்புல தூவிட்டு வெயில்ல விட்டா நல்ல பங்கு ஆவியாப் போயிரும். அப்பறம் மூடாக்கு. தென்னை மட்டை, கரும்புச் சோகை, காஞ்ச சருகு எது கெடைச்சாலும் பரப்பி விடுங்க. தக்கைப்பூண்டு, சணப்பு வெதைச்சுப் பூக்கறப்ப மடக்கி உழுதா அதைவிட மலிவான தழைச்சத்து எங்கயும் கெடைக்காது. வருசா வருசம் பழக்கத்துக்கு மணிச்சத்து எச்சா இருக்கற டிஏபி உரம் போட்டுட்டே இருக்கறவங்க ஒருக்கா பரிசோதனை ரிப்போர்ட்டைப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க, மணிச்சத்து தழைச்சத்து மாதிரி கரைஞ்சு ஓடாது, மண்ணுலயே சேந்துட்டுத்தான் இருக்கும்.

இதுல ஒரு வெதிவெலக்கு. புது லேஅவுட்ல சைட்டு மேடாக்க கிராவல் அடிச்சு, அதுக்கு மேல வீடு கட்டுன சிமெண்ட்டுக் கட்டியும் ஜல்லியும் கெடக்கற எடம் இருக்குதுல்ல, அதைத் தரைன்னு நெனைச்சு ஏமாந்தராதீங்க. மூணடிக்கு மூணடி குழி வெட்டி குப்பையைத் தூக்கி எறிஞ்சுட்டு நல்ல செம்மண்ணும் மக்குன எருவும் போட்டாத்தான் அது தரை. அது வரைக்கும் அந்தச் செடியைத் தொட்டிச் செடியாவே நெனைச்சுப் பாத்துக்கோங்க.

இனி தொட்டி.

கலவையில இருந்தே உர வேலை ஆரம்பிச்சிருது. வெறும் தோட்டத்து மண்ணை அள்ளிப் போட்டா நாலு தண்ணிக்கு செங்கல்லா இறுகிரும், வெறும் கோகோபீட்டுல, அதாங்க தென்னைநார்த் துகள்ல, சத்துன்னு சொல்லிக்க ஒண்ணுமில்ல. மூணுல ஒரு பங்கு செம்மண்ணு, ஒரு பங்கு கோகோபீட், ஒரு பங்கு நல்லா மக்குன எரு இல்லீன்னா மண்புழு உரம், பைக்கு ஒரு கை வேப்பம் புண்ணாக்கு. பொள்ளாச்சி நமக்குப் பக்கத்துல இருக்கறதால கோகோபீட்டுக்குப் பஞ்சமில்ல, ஆனா கழுவாத சரக்குல உப்பு எச்சா இருக்கும், சாம்பல் சத்தும் சோடியமும் ஒட்டிட்டே வரும், கால்சியம் மெக்னீசியத்தைப் புடிச்சு வெச்சுக்கும். அஞ்சு கிலோ கட்டியை ஊறவெச்சு நல்ல தண்ணியில ரெண்டு மூணு தடவை அலசிப் பிழிஞ்சுட்டுத்தான் கலக்கோணும். எருவுல கூட பச்சைச் சாணி, நேத்து அள்ளுன புழுக்கை ஆகாது. நாமக்கல் கோழி எருவா இருந்தா இன்னும் உசாரு, அதுல தழைச்சத்து மூணு சதவீதம் கிட்ட இருக்குது, மாட்டுக் குப்பையில அரை சதவீதந்தான். அமோனியா வாடை மூக்கை அடிக்கறவரைக்கும் அதைத் தொட்டிப் பக்கமே கொண்டாராதீங்க, மக்கி வாடை போன பொறகும் கலவையில இருவதுல ஒரு பங்கு தாண்டக் கூடாது.

இப்படிக் கலந்து நட்டா மொத மூணு வாரம் ஒண்ணும் போட வேண்டியதில்லீங்க. நட்ட மூணாம் நாளே டானிக் அடிக்கறது நம்ம ஆசைக்குத்தான்.

மூணு வாரத்துக்கப்பறம் ரெண்டு வழி. ரசாயனம் பரவால்லைங்கறவங்களுக்கு தண்ணியில கரையற 19:19:19 (தழை, மணி, சாம்பல் மூணும் நூத்துக்குப் பத்தொம்பது பங்கு) சுலபம், லிட்டருக்கு 1 கிராம், அதாவது அஞ்சு லிட்டர் தண்ணிக்கு தட்டையா ஒரு டீஸ்பூன், பன்னெண்டு இஞ்சுப் பைக்கு அரை லிட்டர், வாரத்துக்கு ஒருக்கா. பூ எடுத்த பொறகு தக்காளி, மொளகா, ரோசாவுக்கு சாம்பல் சத்து எச்சா இருக்கற 13:0:45 ஒரு வாரம், 19:19:19 ஒரு வாரம்னு மாத்திக்கலாம். யூரியாவை மாடிக்கு ஏத்தாதீங்க, ஏன்னு கணக்காவே சொல்றேன். மேல சொன்ன அரை லிட்டர்ல செடிக்குப் போற தழைச்சத்து கிட்டத்தட்ட 0.095 கிராம். 5 கிராம் யூரியாவுல 2.3 கிராம் தழைச்சத்து. ஒரு டீஸ்பூன்தானேன்னு போடற அந்த யூரியா 24 வாரத்துத் தீனியை ஒரே நாள்ல போடறதுங்க, வேர் வெந்துரும்.

ரசாயனம் வேண்டாங்கறவங்களுக்கு கடலைப் புண்ணாக்குத் தண்ணி. செக்குல வாங்குன புண்ணாக்கு நூறு கிராமை ஒரு லிட்டர்ல போட்டு நெழல்ல மூணு நாளு, தினமும் ஒருக்கா கலக்கி விட்டு, வடிகட்டி, ஒண்ணுக்குப் பத்து தண்ணி சேத்து பத்து நாளைக்கொருக்கா ஊத்தலாம். நாத்தம் வரும், பக்கத்து வீட்டுக்காரங்க ஒரம்பரை வந்திருக்கற நாளைப் பாத்து வேண்டாம். கெட்டியா அப்படியே தொட்டியில வெச்சா எறும்பு, பூஞ்சாணம், எலி எல்லாம் வரும். ஆமணக்குப் புண்ணாக்கு நாய் வளக்கற வீட்டுல வேண்டவே வேண்டாம், நாய் தின்னா உசுருக்கே ஆபத்து. பஞ்சகவ்யா நம்ம கொடுமுடி டாக்டர் நடராஜன் பரப்பி விட்டது, அது 3 சதவீதம், லிட்டருக்கு 30 மில்லி, வடிகட்டி அடிக்கோணும், ஊத்தவும் செய்யலாம். ஆனா அதை மட்டும் வெச்சு ஒரு தக்காளிச் செடியோட மொத்தப் பசியையும் ஆத்திரலாம்னு நெனைக்கறது எச்சு, அது வளர்ச்சிக்குத் தூண்டிவிடும், சோத்துக்கு மண்புழு உரமும் புண்ணாக்கும் வேணும். மாசத்துக்கு ஒருக்கா ரெண்டு கை மண்புழு உரம் மேல தூவி லேசாக் கொத்தி விடுங்க. அரிசி கழுவுன தண்ணி, வாழைப்பழத் தோல் ஊறுன தண்ணி ஊத்தறதுல தப்பில்ல, ஆனா அதை உரம்னு கணக்குல சேக்காதீங்க.

ஒண்ணு கவனிங்க, புண்ணாக்கு, எரு மாதிரி சரக்கு செடிக்குச் சேரோணும்னா நுண்ணுயிரு அதை ஒடைச்சுக் குடுக்கோணும். தரையில அதுக கோடிக்கணக்குல இருக்குது. சித்திரை வெயில்ல கொதிக்கற பையில அந்த வேலை சீரா நடக்காது, அதனாலதான் இயற்கை முறையில தொட்டிச் செடி சில சமயம் பட்டினியா நிக்கும், சில சமயம் மொத்தமா எல்லாம் ஒண்ணா வந்து விழுகும். பையை நெழல் வலைக்கடியில வெச்சு மேல தென்னைநார் மூடாக்குப் போட்டா கொஞ்சம் தேவலை. கடையில விக்கற மெதுவாக் கரையற உருண்டை உரமும் அப்படித்தான், மூணு மாசம் வரும்னு அட்டையில போட்டிருக்கறது இருவது சொச்சம் டிகிரிச் சூட்டை வெச்சு, நம்ம மாடிச் சூட்டுக்கு அது முன்னாலயே தீந்துரும்.

தொட்டிக்கு கால்சியம் மெக்னீசியம் தனியாப் பாக்கோணும், தரையில நம்ம மண்ணுல கால்சியத்துக்குப் பஞ்சமே இல்லாததால தோட்டத்துக்காரங்களுக்கு இது தோணாது. சிறுவாணித் தண்ணி ஊத்தறவங்களுக்கு இன்னும் முக்கியம், அந்தத் தண்ணியில கரைஞ்ச உப்பு கம்மி, குடிக்கத் தித்திப்பா இருக்குது, செடிக்குச் சுண்ணாம்பு கெடைக்காது. கால்சியம் நைட்ரேட் லிட்டருக்கு 1 கிராம் பதினஞ்சு நாளைக்கொருக்கா, இன்னொரு வாரம் எப்சம் உப்பு (மெக்னீசியம் சல்பேட்) லிட்டருக்கு 1 கிராம். ரெண்டையும் ஒரே வாளியில கலக்காதீங்க, கால்சியம் நைட்ரேட்டை 19:19:19 கூடயும் சேக்காதீங்க, பால் மாதிரி தெரைஞ்சு அடியில தங்கிரும், காசு போச்சு. தக்காளிக் காயோட அடிப்பக்கம் கறுத்து அழுகறது கால்சியம் காய்க்குப் போய்ச் சேராததால வாரது, ஆனா பல நேரம் காரணம் உரம் இல்ல, ஒரு நாள் காயப்போட்டு ஒரு நாள் ரொப்பறதுதான்.

போர் தண்ணி ஊத்தறவங்க கதை வேற. உப்புத்தண்ணி தினமும் போயி, தண்ணி ஆவியாகி, உப்பு மட்டும் பையிலயே நிக்கும், மேல வெள்ளையாப் பூக்கும், பை ஓரத்துல கோடு கட்டும். அதுக்கு மேல உரமும் ஒரு உப்புத்தானே, ரெண்டும் சேந்து வேரால தண்ணியே எடுக்க முடியாமப் பண்ணிரும், மண்ணு ஈரமா இருக்கும் ஆனா செடி வாடும். மாசத்துக்கு ஒருக்கா நல்ல தண்ணியாலயோ புடிச்சு வெச்ச மழைத்தண்ணியாலயோ பை அளவுக்கு ரெண்டு மடங்கு, 18 லிட்டர் பைன்னா ரெண்டு மூணு குடம், மெதுவா ஊத்தி அடியில வடிய விடுங்க, அதுக்கடுத்த நாளு பாதி அளவு உரம். ஆர்ஓ மெசின்ல கழிக்கற தண்ணியை வீணாக்கக் கூடாதுன்னு தொட்டிக்குக் கொண்டுபோறாங்க, அதுல உப்பு உள்ள வந்ததை விட எச்சாத்தான் இருக்கும், வேண்டாமுங்க, வாசல் கழுவிக்குங்க. தொட்டிக்கடியில தட்டு வெச்சா வடிஞ்ச தண்ணியை எடுத்துக் கொட்டிருங்க, மறுபடி உறிஞ்ச விடாதீங்க.

ஊத்தற நேரத்துக்குச் சின்னதா ரெண்டு விசயம். காஞ்ச மண்ணுல உரத் தண்ணி ஊத்தக் கூடாது, மொதல்ல வெறும் தண்ணி, அரை மணி கழிச்சு உரம். வாடி நிக்கற செடிக்கும் பூச்சி தின்ன செடிக்கும் புதுசா மாத்தி நட்ட செடிக்கும் உரம் மருந்தாகாது. சித்திரை வைகாசியில அளவைப் பாதியாக்கி பொழுதோட ஊத்துங்க. ஐப்பசியில அடைமழை புடிச்சா பையில இருந்ததெல்லாம் கரைஞ்சு போயிருக்கும், மழை விட்டு மண்ணு கொஞ்சம் ஆறுனதும் ஒரு தடவை முழு அளவு குடுங்க. தரையில இதுக்கு நேர்மாறு, மழை வாரதுக்கு முன்னால யூரியா போடாம இருந்தாப் போதும்.

இலையைப் பாத்துக் கண்டுபுடிக்க: அடி இலை முழுசா வெளுத்து மஞ்சளானா தழைச்சத்து, அடி இலையில நரம்பு பச்சையா நடுவுல மஞ்சளானா மெக்னீசியம், அடி இலை ஓரம் மட்டும் காஞ்சா சாம்பல் சத்து, கொழுந்து மஞ்சளா நரம்பு பச்சையானா இரும்பு. தொட்டியில மட்டும் ஒரு சிக்கல், நுனியும் ஓரமும் கருகறது உப்பு எச்சானாலும் வரும், சத்துக் கொறைஞ்சாலும் வரும். மேல வெள்ளை பூத்திருந்தா அலசுங்க, உரத்தைக் கூட்டாதீங்க. எது என்னன்னு புரியாதப்ப மொதல்ல அலசுங்க, பத்து நாளு பாருங்க.

வருசம் ஆன கலவையைக் கீழ கொட்டி வேரைப் பொறுக்கிட்டு பாதி புதுசு சேத்து மறுபடி நெரப்பலாம், ஆனா தக்காளி வெச்ச பையில திரும்பத் தக்காளி கத்திரி வேண்டாம், கீரையோ அவரையோ போடுங்க. உப்பு ஏறி ஒண்ணுத்துக்கும் ஆகாமப் போன கலவை இருந்தா சாக்குல கட்டி ஊருக்குப் போறப்ப எடுத்துட்டுப் போயி தென்னை வட்டப்பாத்தியில கொட்டிருங்க, 18 லிட்டர் உப்புக் கலவை அங்க ஒரு பொருட்டே இல்ல.